வெட்டவெளிக்கு வராத குருவி

மார்கழிக் குளிருக்கு வடக்கேயிருந்து வந்திறங்கிய ஆறுமணிக்குருவிக்கு ஒரே ஒரு கவலைதான். அது புழு பொறுக்கும் சருகுமேட்டுக்குப் பக்கத்திலேயே கேமராவோடு ஒருவன் நாலு நாளாக உட்கார்ந்திருந்தான். இலை இலையாக அச்சடித்த சட்டை போட்டிருந்தான். அதில் ஓர் இலைகூட அந்தக் காட்டு இலை இல்லை.

பசியோடு புதருக்குள் பதுங்கியிருந்த குருவியிடம் தவிட்டுக்குருவி அக்கா சொன்னாள்: "தம்பி, அவன் உன்னைத்தான் தேடி வந்திருக்கான். நேத்து நாங்க ஏழு பேரும் வரிசையா போய் நின்னோம், சூ சூன்னு விரட்டிட்டான். நீ ஒரு தடவை முகத்தைக் காட்டு. படம் எடுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"நானா? எங்க பரம்பரையிலேயே யாரும் இப்படி வெட்டவெளியில போய் நின்னதில்லக்கா!"

"அப்ப பட்டினி கிட."

ஐந்தாம் நாள் பசி தாங்கவில்லை. குருவி மெல்ல வெளியே வந்து நின்றது. கேமரா கிளிக் என்றது. அவன் படத்தைப் பார்த்தான். "அடேயப்பா, என்ன அழகு!" என்று கண்கலங்கினான். நாற்காலியை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

"ஆள் போயிட்டான், வா தம்பி," என்று அக்கா சருகைப் புரட்டினாள். கொழுகொழுவென்று புழுக்கள் நெளிந்தன.

குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் போன ஒற்றையடிப் பாதையில் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே! இன்னொன்னு எடுங்க. நீல இறக்கையை நான் விரிக்கவே இல்லையேண்ணே!"