இடுப்பளவுக் கட்டம்

பிளாக்செயினில் ஓடும் ஓர் இணைய விளையாட்டு உலகத்தில் அவள் தையல்கடை வைத்திருந்தாள். அங்கே எல்லா உடம்பும் ஒரே அளவு. எதைப் போட்டாலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் நிஜக் கடையில் பத்து வருஷம் டேப்பும் கழுத்துமாக இருந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஆர்டர் படிவத்தில் இடுப்பளவுக்கும் ஒரு கட்டம் போட்டாள்.

அதை நிரப்பியது ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். திங்கள்தோறும் ஒரு பாவாடை. இடுப்பு இருபது அங்குலம், இருபத்திரண்டு, இருபத்தைந்து.

"யார் வீட்டுப் பொண்ணோ, கிடுகிடுன்னு வளருது" என்று கூடவே குடியிருந்த அக்கா சிரித்தாள்.

முப்பது வந்த அன்று அவள் விளையாட்டாகத் தன் இடுப்பை அளந்தாள். முப்பதேதான். அடுத்த திங்கள் இருபத்தெட்டு வந்தது.

"உன்னை இளைக்கச் சொல்றாங்கடி" என்றாள் அக்கா.

பாவாடையைத் தைத்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டியிருந்த பாவாடை நழுவியது. டேப் இருபத்தெட்டு காட்டியது.

இனி அந்த ஆளுக்குத் தைப்பதில்லை என்று அவள் முடிவு செய்தாள். வழியில்லை. கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறவர்களுக்குப் பயந்து, வந்த ஆர்டரை இரு தரப்பாலும் ரத்து செய்ய முடியாதபடி, அவள் தைக்காவிட்டாலும் கடையே தைத்து அனுப்பும்படி நிரல் எழுதிப் பூட்டியது அவளேதான். பிளாக்செயினில் ஏறியதை எழுதியவளாலும் திருத்த முடியாது.

திங்கள் காலை ஆர்டர் வந்தது. இடுப்பு பதினெட்டு.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போனவள், ஒரு தட்டு நிறையச் சாப்பாடு போட்டு எடுத்து வந்தாள்.

"முதல்ல சாப்பிடுடி."

திரையில் துணி தானாக விரிந்துகொண்டிருந்தது.