ஓரத்தில் ஒரு கை

“பார்த்துக்கா, படி வழுக்கும்” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான் தம்பி. பால்கனியில் முதல் வரிசையாகக் கேட்டு டிக்கெட் வாங்கியிருந்தான். அக்காவுக்கு அவனை விட்டால் நாதியில்லை.

தியேட்டருக்கு எண்பது வயது. மின்விசிறிகள் காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தந்தன. பழைய படங்களைத் தேடிப் பிடித்து வாரம் ஒன்றாகப் போடுகிறார்கள், இந்த வாரம் அக்கா விடாமல் பார்க்கும் படம் என்று தெரிந்ததும், “டிவியிலயே எத்தனை நாள் பார்ப்பே? ஒரு தடவை பெரிசா பாரு” என்று அவன்தான் பிடிவாதமாகக் கூட்டி வந்தான்.

அந்தப் படத்தில் ஒரு ரயில் நிலையக் காட்சி உண்டு. நிஜக் கூட்டத்தின் நடுவே எடுத்தது. அதில் மஞ்சள் கவுன் போட்ட ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடப்பாள்.

கவுன், தையல்காரியான அக்கா தன் கையால் தைத்தது. பெண், அவளுடைய ஒரே மகள். காணாமல் போனது அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்குத்தான். சேதி கேட்டு மறுநாள் வெளியூரிலிருந்து ஓடி வந்த தம்பி, அதன் பிறகு அக்காவை விட்டு நகரவேயில்லை.

படம் வந்தபோது நாலு நாள்கூட ஓடவில்லை. பத்து வருஷம் கழித்து டிவியில் தற்செயலாகப் பார்த்துத்தான் அலறினாள். மகள் தெரிந்தாள். பிடித்திருந்த கையோ திரையின் ஓரத்தில் மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. அதை வைத்துப் போலீஸ்தான் என்ன செய்யும்?

“புது ஆளைப் பார்த்தாலே வீறிடுவாளேடா. இதுல அழாம போறாளே, அதான் எனக்குப் புரியலை” என்று அவள் புலம்பாத நாளில்லை.

“மிட்டாய் கிட்டாய் கொடுத்து ஏமாத்தியிருப்பான் பாவி” என்பான் தம்பி.

படத்துக்கு முன்னால் ஆபரேட்டர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். “டிவியில ரெண்டு ஓரத்தையும் நறுக்கிட்டுத்தான் காட்டினாங்க. எடுத்தது எடுத்தபடி, முழு அகலத்துல இன்னைக்குத்தான் பார்க்கப் போறீங்க!”

கைதட்டல் அடங்குமுன் தம்பி அக்காவின் பக்கம் குனிந்தான். “உனக்கு மூச்சு வாங்குதேக்கா. உடம்பு தாங்காது, வீட்டுக்குப் போயிடலாம் வா.”

“சும்மா இருடா. அந்தப் படுபாவி மூஞ்சியை இன்னைக்காவது நான் பார்க்கணும்.”

விளக்கு அணைந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ரயில் நிலையம் வந்தது. மகள் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து நடந்து வந்தாள். அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க அக்காவுக்கு மனசே வரவில்லை. இருந்தாலும் எடுத்தாள்.

கைக்கு மேலே சட்டை தெரிந்தது. சட்டைக்கு மேலே முகம்.

நாலே எட்டு. காட்சி மாறிவிட்டது. அக்கா அழவில்லை, அலறவில்லை. இருட்டில் துழாவித் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பாவை எங்கேடா கொண்டு போனே?”