ஏரி வண்டல்

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். தண்ணீர் தேங்கிய நிலம் அதில் மினுங்குகிறது. ஜெபகனி கணுக்கால் புதையச் சேற்றில் நின்று ஒரு மண்கட்டியை உடைக்கிறாள். கோடையில் தம்பி ரெனால்ட் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிய மண் அது. கீழே இருக்கிற ஏரியில் வாரிய வண்டல் என்றான். அதை நம்பி அவளே மண்வெட்டியால் நிலம் முழுக்கப் பரப்பிவிட்டாள். ஏரி வண்டலை உடைத்தால் நத்தை ஓடு உதிரும். இதில் ஓடே இல்லை. கட்டி கூழாகக் கரைய, விரலில் சுற்றிக்கொள்வது ஆட்டு மயிர். நடுவே நகம் அளவுக்கு ஒரு தோல் துண்டு, டேனரியில் பதப்படுத்திய தோலின் அதே வெளிர் நீலத்தில். காய்ந்து கிடந்தபோது அடங்கியிருந்த நாற்றம் இப்போது குப்பென்று எழுகிறது. ஆம்பூரில் பிறந்தவளுக்கு அது டேனரிக் கழிவின் நாற்றம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. “இன்னாடா இது?” வரப்பில் நிற்கும் ரெனால்ட் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “உரம்தாங்க்கா. எல்லாரும் கொட்டிக்கிறாங்க” என்கிறான். “உன் நெலத்துல கொட்னியா?” அவன் செருப்பில் ஒட்டிய சேற்றை ஒரு கல்லில் தேய்த்துத் தேய்த்து வழிக்கிறான். வரப்பு உடைந்த இடத்தில் தண்ணீர் சலசலவென்று இறங்குகிறது; சாம்பலும் நீலமுமாகக் கலங்கி, அவள் மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு கால்வாயில் விழுந்து சரிவில் ஓடுகிறது. ஜெபகனி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “ஏரி மண்ணுன்னு சொன்னியேடா,” என்கிறாள். “இப்பதான்டா ஏரிக்குப் போவுது.”