நாலு பேரும் நிற்கும் இடம்

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்தப் பாட்டு விட்டு விட்டுப் போகுது. ரெண்டு வரிக்கு ஒருக்க நாலு பேரும் சொல்லி வச்சாப்ல நிக்குதோம். முடிஞ்சிட்டுன்னு ஜனம் கைதட்டிராதா?"

கேட்டது வேல்விழி. சின்னப் பிள்ளையில எங்க வீட்டுக்காரர்ட்ட புல்லாங்குழல் படிச்சவ. இப்ப சென்னையில பெரிய ஆளு. கழுத்தச் சுத்தி துப்பட்டாவப் போட்டுக்கிட்டுதான் வீட்டுக்குள்ள வந்தா. அப்பயிருந்தே அவளுக்குச் சாரல் ஆகாது.

"அந்த எடத்தையெல்லாம் நான் நிரப்பிரட்டுமா, சார்?"

"வேண்டாம்மா. எழுதினபடியே இருக்கட்டும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தென்காசியில இவரை எல்லாருக்கும் தெரியும், புல்லாங்குழல் வாத்தியார்னு. பாட்டும் எழுதுவார்னு ஒரு ஆளுக்கும் தெரியாது. குழல், வயலின், வீணை, மிருதங்கம்னு நாலு பேர் சேர்ந்து வாசிக்க இவர் எழுதின ஒரே பாட்டு இது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குன்னு எழுதி, மேடையேறாமலே பீரோவுக்குள்ள கிடந்துச்சு. நாந்தான் இந்த வருசம் தேடி எடுத்து வேல்விழிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். குற்றாலத்து சீசன் கச்சேரியில வாசிக்குதேன்னு அவளும் ஆசையா வந்திருக்கா.

அடுப்படிக்கு இழுத்துட்டுப் போய்க் கேட்டேன். "எதுக்கு இந்த வீம்பு? வாசிக்க மாட்டேன்னு அவ போயிட்டா?"

"போனா போகட்டும். அந்த எடத்துல மட்டும் கை வைக்கக் கூடாது."

பிழைக்கத் தெரியாத மனுசன்! கடைசியில அவதான் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டுச் சம்மதிச்சா.

மறுநாள் சாயங்காலம் ஐந்தருவிப் பக்கம் மேடை. பாட்டு ஆரம்பிச்சதும் சாரலும் ஆரம்பிச்சிட்டு. காத்து ஈரத்தை மேடைக்குள்ள அள்ளிப் போட்டுச்சு. கொஞ்ச நேரத்துல வேல்விழிக்குத் தோளு ரெண்டும் ஏறி ஏறி இறங்குது. இளைப்பு வந்துட்டு! போச்சு, பிள்ளை பாதியில எந்திரிக்கப் போகுதுன்னு நினைச்சேன்.

பாட்டு நின்னுச்சு. நாலு பேரும் நின்னாங்க. அவ மூச்சை இழுத்தா. மறுபடி நாலு பேரும் சேர்ந்து எடுத்தாங்க.

அவளுக்கு மூச்சு தீருத எடத்துலயெல்லாம் பாட்டு நின்னு கொடுத்துச்சு. அந்த நேரம் அருவிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஒருத்தரும் இடையில கைதட்டல. முடிஞ்சதும் தட்டினாங்க பாருங்க, அம்மாடி! "எங்க வீட்டுக்காரர் எழுதினதாக்கும்"னு பக்கத்துல இருந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேன்.

வேல்விழி மேடையிலயிருந்து இறங்கி நேரா இவர்ட்ட வந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"சார், இதை யாருக்கு எழுதினீங்க?"

"ஒனக்குத்தான். ஆண்டு விழாவுல ஒன்னை வாசிக்க வைக்கணும்னு எழுதினேன். அதுக்குள்ள ஒங்கப்பாவுக்கு மாத்தல் வந்து ஊரை விட்டுப் போயிட்டீங்க."

"எனக்கு மட்டும் நிறுத்தம் வச்சிருக்கலாமே, சார். மத்த மூணு பேரும் எதுக்கு நிக்கணும்?"

இவர் சிரிச்சார்.

"நீ மட்டும் நின்னா இளைப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும், தாயி. நாலு பேரும் சேர்ந்து நின்னா, அது பாட்டாயிரும்."