போடா!

“போடா…”

ஸ்பீக்கரில் அந்த ஒரு சொல் வெடித்தது. அத்தோடு பேச்சு அறுந்துபோனது.

துணை மின்நிலையத்தில் ஆபரேட்டரின் முகம் மாறியது. “வேலை முடிஞ்சுதா? லைனைப் போடட்டுமா?” என்றுதான் கேட்டிருந்தார். கம்பத்தின் மேலிருந்து பதில் சொன்னவர் லைன்மேன். ஆபரேட்டரின் சொந்தத் தங்கையின் புருஷன்.

பக்கத்து நாற்காலிக்காரர் துள்ளி எழுந்தார். எதற்கும் பொறுமை கிடையாது; அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘அவசரம்’தான்.

“காலையில போட்ட சண்டை இன்னும் ஆறல போல. மச்சான்னுகூடப் பார்க்காம போடாங்கிறாரே!”

சண்டை நடந்தது உண்மை. “பிள்ளைத்தாச்சிப் பொண்டாட்டி பயந்து சாகுறா. கம்பம் ஏறுறதை விட்டுட்டு ஆபீஸ் வேலைக்கு மாறுங்க மாப்பிள்ளை” என்று ஆபரேட்டர் சொல்லப்போக, லைன்மேன் எகிறிவிட்டார். “என் வேலையில நீங்க தலையிடாதீங்க மச்சான்!” என்று வாசலே அதிரக் கத்திவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆபரேட்டர் மறுபடி எண்ணை அழுத்தினார். மணியே அடிக்கவில்லை.

“போனையும் அணைச்சுட்டார் பாருங்க, கொழுப்பு! வேலை முடிஞ்சிருக்கும். போட்டு விடுங்க சார், ஊரே நம்மைத் திட்டுது!” என்றபடி அவசரம் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

“கையை எடுய்யா!”

ஆபரேட்டரின் பார்வை சுவரிலிருந்த படத்துக்குப் போனது. ‘முடிஞ்சிருக்கும்’ என்று யாரோ நினைத்து லைனைப் போட்டதில், கம்பத்திலேயே கருகிப்போன ஊழியரின் படம் அது. கம்பியைப் பிடித்திருக்கும்போது கரண்ட் வந்தால் விரல்கள் இறுகிவிடும், பிடி விடாது. கத்தக்கூட நேரம் கிடைக்காது.

ஆபரேட்டர் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

“அடிதடிக்கா கிளம்பிட்டீங்க? உங்க வீட்டுச் சண்டைக்கு ஊரு ஏன் சார் வேகணும்?” என்று அவசரம் வாசல்வரை கத்திக்கொண்டே வந்தார்.

ஆபரேட்டர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை விரட்டினார்.

கம்பத்தடியில் போன் சுக்குநூறாகக் கிடந்தது. ஆபரேட்டர் அண்ணாந்து பார்த்தார். உச்சியில், இடுப்பு பெல்ட் கொக்கியில் சிக்கி, இறங்க முடியாமல் லைன்மேன் தத்தளித்துக்கொண்டிருந்தார். பாதி கட்டிய கம்பி அவர் தோளை உரசிக்கொண்டிருந்தது.

ஏணி போட்டு ஏறி ஆபரேட்டர்தான் பெல்ட்டை விடுவித்தார். கீழே இறங்கியதும் லைன்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“லைனைப் போட்டுடுவீங்களோன்னு பாதி உயிர் போயிடுச்சு மச்சான்! பேசும்போதே போன் கை நழுவிடுச்சு. நான் சொன்னது முழுசாக் கேட்டுச்சா?”

“பாதிதான். ‘போடா’ன்னு கேட்டுச்சு.”

லைன்மேன் வெலவெலத்துப் போனார். “ஐயையோ! அப்புறம் எப்படி…?”

ஆபரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எவ்வளவு கோபம்னாலும் உங்க வாயில எனக்கு ‘டா’ வராது மாப்பிள்ளை. மீதி ‘தீங்க’ன்னு எனக்குத் தெரியாதா?”