துணை அதிபரின் அக்கா

"நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?"

நாட்டின் துணை அதிபரை நேருக்கு நேர் இப்படிக் கேட்க ஒருத்தியால்தான் முடியும். கூடப்பிறந்த அக்கா. அறைக்குள் நின்ற காவலர்கள் இருவரும் மெல்ல நழுவி, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். குடும்பச் சண்டைக்குத் துப்பாக்கி எதற்கு?

"மெதுவாப் பேசுக்கா."

"எதுக்கு மெதுவா? நாளைக்கு விடிஞ்சா என் புள்ளையத் தூக்குல போடப்போறாங்க. நீ அவனுக்குத் தாய்மாமன். இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியே!"

பையன் செய்த குற்றம், விலைவாசியைக் கண்டித்து நடந்த ஊர்வலத்தில் போனதுதான். எங்கிருந்தோ வந்த கல் பட்டு ஒரு போலீஸ்காரர் இறந்துவிட்டார். யார் எறிந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். கூட்டத்தில் போலீஸ்காரர் செத்தால் பிடிபட்ட அத்தனை பேருக்கும் தூக்கு என்று போன வருஷம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது.

"மாமா விடமாட்டாரும்மான்னு உள்ள தைரியமா இருக்கான்டா. போய்ப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பறான்."

"அக்கா, எனக்கு என்ன அதிகாரம் இருக்குன்னு நினைக்கிற? மன்னிக்கிற உரிமை அதிபருக்கு மட்டும்தான். நான் சும்மா பேருக்கு. கார் டிக்கியில ஸ்டெப்னி கிடக்குமே, அது மாதிரி. நாலு சக்கரமும் நல்லா ஓடற வரைக்கும் ஒரு பய திரும்பிப் பார்க்க மாட்டான்."

"அப்போ அந்த அதிபர்கிட்டப் பேசு."

"பேசறேன். நீயே கேளு."

போனை ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தவர் அதிபரின் செயலாளர்.

"அதிபர் மீட்டிங்ல இருக்கார் சார்."

"அவசரம் தம்பி. என் அக்கா பையன் விஷயம்..."

"தெரியும் சார். நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்குப் பேசி என்னய்யா பிரயோஜனம்? விடியற்காலையில..."

லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. இன்னொரு தரம். அப்போதும் எடுக்கவில்லை.

"பார்த்தியா? இதுதான் உன் தம்பியோட லட்சணம். இந்த ரூம் ஏசி ரிப்பேராகி மாசக்கணக்காச்சு. ஆள் அனுப்புங்கன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன். ஏசிக்கே இந்தக் கதின்னா..."

அதற்குமேல் பேச முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நடிப்பில்லை. தோள் குலுங்கிய நிஜ அழுகை.

அக்காவின் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. சின்ன வயதிலும் யாரிடமாவது அடி வாங்கிவிட்டு இவளிடம் வந்துதான் அழுவான்.

"அழாதடா. பெத்த வயிறு, பத்தி எரியுது. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

நாளைக்குப் பிள்ளையைப் பறிகொடுக்கப்போகிறவள், தம்பியின் கண்ணைத் துடைத்து, தண்ணீர் குடிக்கவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் காருக்குள் அவளுடைய வக்கீல் காத்திருந்தார்.

"என்னம்மா சொன்னார்?"

"பாவம் சார் அவன். போனைக்கூடப் பட்டுன்னு வெச்சிடறாங்க. பதவிதான் பெரிசு, அவன் கையில ஒண்ணுமே இல்ல. அவனைத் திட்டி என்ன ஆகப்போகுது?"

வக்கீல் வண்டியைக் கிளப்பவில்லை.

"உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சிட்டேம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க இந்த வாசப்படியை மிதிச்சிருக்க மாட்டீங்க. உங்களைப் பார்த்தாவது மனசு இரங்கி, அதிபர் கால்ல போய் விழுவார்னு ஒரு நப்பாசை."

"என்ன விஷயம் சார்?"

"இந்தச் சட்டம் மேல்சபைக்கு வந்தப்போ வேணும்னு பாதிப் பேர், வேண்டாம்னு பாதிப் பேர். சரிசமமா நின்னுடுச்சு. அந்த மாதிரி நேரத்துல மட்டும் சபையை நடத்தறவர் ஒரு ஓட்டுப் போடலாம். சபையை நடத்தறது துணை அதிபர். பேப்பர்ல ரெண்டு வரியில போட்டு அமுக்கிட்டாங்க."

அவள் வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"வேணும்னு போட்டானா?"

"போட்டார். அடுத்த தேர்தல்லயும் அவர்தான் துணை அதிபர் வேட்பாளர்னு அன்னைக்குச் சாயந்தரமே அறிவிச்சாங்க."

"அவனை மிரட்டிப் போட வெச்சிருப்பாங்க சார். வேண்டாம்னு போட அவனுக்கு ஏது தைரியம்?"

"வேண்டாம்னு போடவே தேவையில்லம்மா. சமமா நின்னா சட்டம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு உங்க தம்பி ஒண்ணுமே பண்ணாம சும்மா உட்கார்ந்திருந்தாலே, உங்க புள்ளை பொழைச்சிருப்பான்."