கேம் விடாத கடல்

மீன்பிடிக்கக் கடலுக்குப் போக முடியாமல் வாரக்கணக்காக வீட்டில் கிடக்கும் அனீஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஜன்னலை அறைகிறது; இனயம் ஊர்க் கரையில் ஏற்றிப்போட்ட வள்ளங்கள் மழையில் ஊறிக் கிடக்கின்றன. டிவியில் ஓடும் கார் கேமிலோ பனிக்காலம் முடிந்து, வெயில் பளீரென்று அடிக்கிறது. மற்ற கார்கள் மலைப்பாதையில் சீற, அவன் தன் சிவப்புக் காரைக் கடற்கரைக்குத் திருப்புகிறான்.

“ரேஸ் அங்கல்லா ஓடுது, நீங்க எங்க போறிய?” என்கிறாள் மனைவி பிரிஜா, ஈரத்துணிகளை ஃபேனுக்குக் கீழே விரித்தபடி.

“கடல் எப்பிடி அடங்கிக் கெடக்கு, பாத்தியா?”

காரை அலைக்குள் இறக்குகிறான். கேம் அதைத் தூக்கிச் சாலையில் வைக்கிறது. திரும்பவும் இறக்குகிறான். திரும்பவும் சாலை.

பிரிஜா துணியைப் போட்டுவிட்டு அவனருகே உட்கார்ந்து திரையை உற்றுப் பார்க்கிறாள். “வலத்தப் பக்கம் அலை கொறவா இருக்கு. அதுவழியா எறக்கிப் பாருங்க.”